அறுபத்தோராவது அலகு

விளக்கை அணைப்பதையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவைச் சாத்துவதையும் பற்றி எழுதுவதற்கு அரசியல் ஏடொன்றிலே இடம் உண்டா என்று நமது வாசகருள் சிலர் வினவக்கூடும். உண்டு என்பதே நமது விடை. அரிசியின் விலை அரசியலாயின், உரத்தின் தட்டுப்பாடு அரசியலாயின், அந்த அரிசியை வேகவைக்கும் அடுப்பும் அந்த உரமிட்ட பயிருக்கு நீரிறைக்கும் இயந்திரமும் அரசியலுக்குப் புறம்பானவை ஆகமாட்டா.

அண்மையில் வலிகாமத்தின் கிராமமொன்றிலுள்ள சனசமூக நிலையத்திற்கு, காணி வழக்கொன்று தொடர்பாகச் சிலரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். காணி வழக்கு அன்று பேசப்படவேயில்லை. பத்திரிகை மேசையைச் சுற்றி இருபத்தைந்து பேர் வரையில் கூடியிருந்தனர். பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் மடித்த மின்பட்டியல் ஒன்று. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் கரும்பலகையிலே இரண்டு எண்களை எழுதி, அவற்றின் கீழே கோடிட்டிருந்தார்: 60, 61.

அந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருப்பது ஓர் அலகு. அந்த ஓர் அலகின் விலை என்னவென்று ஆசிரியர் கணக்கிட்டுக் காட்டினார். நாமும் வீடு திரும்பிச் சரிபார்த்தோம், கணக்கு சரியே. 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மாதம் 60 அலகு பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 அலகும் அலகொன்று 4 ரூபா 50 சதம். அடுத்த 30 அலகும் 8 ரூபா. நிலையான கட்டணம் 210 ரூபா. ஆகமொத்தம் 585 ரூபா. அதே வீடு 61 அலகு பாவித்தாலோ, பட்டியலே வேறாகிவிடுகிறது. முதல் 60 அலகும் அலகொன்று 12 ரூபா 75 சதமாக உயர்கின்றன. 61ஆவது அலகு 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1,183 ரூபா 50 சதம். வரிகளைச் சேர்க்காத கணக்கு இது. ஓர் அலகு மின்சாரத்திற்கு அந்தக் குடும்பம் 598 ரூபா 50 சதம் செலுத்துகிறது!

ஓர் அலகு என்பது எவ்வளவு? 1,000 வாற் வலுவுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரம் ஓர் அலகு. 70 வாற் கொண்ட கூரை மின்விசிறி ஏறத்தாழ 14 மணி நேரம் சுழல்வது ஓர் அலகு. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு பகலும் ஒரு மாலையும் விசிறி போட்டால் அந்த அலகு முடிந்துவிடும். கட்டணம் காலத்துக்குக் காலம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ஆனால் 60ஆம் அலகின் வாசலிலே இந்தப் படி பல ஆண்டுகளாக நிற்கின்றது. அதில் இடறி விழுபவர் யார்? மாளிகையில் வாழ்பவர் அல்லர். அவர் அந்தப் படியை மாதத்தின் முதல் வாரத்திலேயே தாண்டிச் சென்றுவிடுகிறார். இடறுபவர் கூலிக்குப் போகும் குடும்பத்தலைவியும், சிறு தோட்டக்காரரும், ஓய்வூதியத்தில் வாழும் முதியோருமே.

ஆகவே, அன்று அந்த மேசையைச் சுற்றி நடந்தது சமையற்குறிப்புப் பரிமாற்றம் அன்று. ஒவ்வொரு வீடும் தான் அறிந்த உபாயத்தை மற்ற வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

இளங்குடும்பப் பெண்ணொருத்தி சொன்ன செய்தி நமது நெஞ்சிலே நின்றது. இரண்டு மாதங்களாக அவர்களின் பாவனை 70 அலகைத் தாண்டியிருக்கின்றது. யார் மீது பழி? பிள்ளைகளின் கைத்தொலைபேசி மீது. வீட்டிலே பெரும் சண்டை. கைத்தொலைபேசி ஒன்றை மாதம் முழுவதும் நாள்தோறும் மின்னேற்றினாலும் அரை அலகளவே செலவாகும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஒருநாள் அவள் ஒரு கொப்பியை எடுத்து, இரவு படுக்குமுன் மின்மானியின் எண்ணைக் குறித்தாள். காலையில் எழுந்ததும் மீண்டும் குறித்தாள். இரவில் ஓடுவன குளிர்சாதனப் பெட்டியும் ஒரு விசிறியுமே. அவற்றின் கணக்கு அதிகமில்லை. பின்னர் கிணற்று மோட்டரைப் போடுமுன்னும் நிறுத்திய பின்னும் குறித்தாள். அங்கே அகப்பட்டான் கள்ளன். முன்னர் அரை மணி நேரத்தில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது ஒரு மணி நேரம் சென்றது. கிணற்றுக்குள் இருந்த புட்வால்வு பழுதடைந்து, நீர் திரும்பக் கிணற்றுக்கே ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு இழுக்கும். நாளுக்கு அரை மணி நேரம் வீணானால் மாதம் 15 அலகு. வால்வை மாற்றினாள், அடுத்த பட்டியல் 58 என்று வந்தது.

ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு கிழமைப் பொறுமை. அவ்வளவே. வேறு எந்த உபாயத்தையும் விட இந்த ஒன்றையே நமது வாசகருக்கு நாம் முதலில் சொல்லுவோம். மானியைப் பார்க்காமல் செய்யும் சிக்கனம் குருட்டுச் சிக்கனம். அது பிள்ளையின் படிப்பு விளக்கை அணைத்துவிட்டு, நிரம்பி வழியும் தொட்டியை மறந்துவிடும்.

மற்றவர்கள் சொன்னவற்றையும் சுருக்கமாகத் தருகின்றோம். 60 வாற் பழைய மின்குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. அதே வெளிச்சத்தை 9 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்றரை அலகுக்கும் குறைவாகத் தந்துவிடும். கோடிப்புறத்திலும் மாட்டுக்கொட்டிலிலும் பழைய குமிழ்கள் இன்னும் தொங்குகின்றன என்பதை ஒருவர் நினைவூட்டினார். உடுப்பை நாள்தோறும் ஒவ்வொன்றாக அழுத்தாமல் கிழமைக்கு ஒருமுறை ஒன்றாக அழுத்தினால், அழுத்தி சூடேறும் செலவு ஒருமுறையோடு போய்விடும். குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடும் அடுப்போடும் ஒட்டி வைக்கலாகாது. அதன் கதவிலே ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்தால், தாள் இலகுவாக வந்துவிடுமாயின் கதவின் றப்பர் பழுது என்று அறியலாம். சோறு வெந்த பின்னரும் றைஸ் குக்கரைச் சூட்டிலேயே விட்டுவைப்பது வீண். கடலை, பயறு முதலியவற்றை முதல்நாளே ஊறவைத்தால் எரிவாயுவும் மிச்சம், விறகும் மிச்சம். 2022ஆம் ஆண்டு எரிவாயுச் சிலிண்டரின் விலை 5,000 ரூபாவை எட்டியபோது ஊமலையும் பொச்சுமட்டையையும் சிரட்டையையும் தேடி வளவெல்லாம் திரிந்த நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோரும் பேசி ஓய்ந்த பின், மூலையில் இருந்த ஆச்சி ஒருவர் நம்மைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இருட்டிலை இருந்து பழகின ஆக்கள் நாங்கள். இப்ப வெளிச்சத்திலை இருந்துகொண்டு பயப்பிடுறம்."

இருட்டுக் காலம்

ஆச்சி சொன்ன இருட்டை நாமும் அறிவோம். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. நமது பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி அந்த இருட்டிலேயே கழிந்தது. மண்ணெண்ணெய் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்று. கிடைத்தாலும் போத்தல் கணக்கில், பொன்விலையில் கிடைத்தது. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளே மெல்லிய திரியைக் கோத்து எரித்தோம். அந்தச் சுடரைச் சுற்றி நான்கு பிள்ளைகள் இருந்து படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி, வானொலியிற் செய்தி கேட்டார்கள். அந்தச் சுடரிலே படித்து மருத்துவரானோரும் பொறியியலாளரானோரும் இன்று இந்த ஏட்டை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

ஆயினும், "அந்தக் காலத்திலே நாம் எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தோம்!" என்று மேடைகளிலே பெருமை பேசுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அது சிக்கனமன்று, தடை. பிறர் நம்மீது சுமத்திய வறுமையை நாமே விரும்பி ஏற்ற நோன்பாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் அந்த ஜாம் போத்தல் விளக்கை எவரும் வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. ஒரு வீட்டில் எரிந்ததை மறுநாள் பத்து வீடுகள் செய்தன. பஞ்சின் அளவையும் திரியின் தடிப்பையும் படலையடியிலே நின்று அயலார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தனர். தடை நீங்கியது, அந்தப் பழக்கமும் நம்மை விட்டு நீங்கிவிட்டது என்பதே நமது வருத்தம். இன்று மின்பட்டியல் என்பது வீட்டின் இரகசியம். அடுத்த வீட்டின் அலகை அறியாமல், நமக்கு வந்த தொகை நியாயமா அநியாயமா என்று ஒருவரும் சொல்ல முடியாது.

2022ஆம் ஆண்டு இருட்டு வேறு வடிவில் வந்தது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரையில் மின்வெட்டு. அதன்பின், ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. கொழும்பும் காலியும் அன்று முதன்முறையாகக் கண்டு திடுக்கிட்ட இருட்டை வடக்கு முன்னரே கண்டிருந்தது. அதிலே நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொண்டது ஏதும் உண்டானால், அதைச் சிங்கள அயலவருக்கும் சொல்லிக்கொடுப்பதில் குற்றமுமில்லை. 60ஆம் அலகின் படி அம்பாந்தோட்டை உழவனையும் அதே உயரத்திலேயே இடறுகின்றது.

இருவகைச் சிக்கனம்

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர் மனங்கொள்ள வேண்டும். வீட்டுக்கு இலாபமான சிக்கனம் ஒன்று. நாட்டுக்கு இலாபமான சிக்கனம் மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல.

மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 மணி வரையிலேதான் நாட்டின் மின்தேவை உச்சத்தை அடைகின்றது. அந்நேரத்தில் அதிகச் செலவுள்ள எண்ணெய் இயந்திரங்களையும் இயக்க நேரிடுகிறது. பகலிலோ நிலைமை வேறு. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது தேவை குறைந்தமையால், கூரையிலே சூரியப் படலம் பூட்டியோரைப் பகல்வேளையில் அதை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகலில் மிகுதி, முன்னிரவில் பஞ்சம்! ஆகவே, மோட்டரையும் அழுத்தியையும் துணிதோய்க்கும் இயந்திரத்தையும் பகலிலே இயக்குங்கள் என்று அறிவுரை சொல்லப்படுகிறது. அறிவுரை சரியானதே. ஆனால் பெரும்பாலான வீடுகளின் மானி நேரத்தை அறியாது. நண்பகலில் ஓடிய அலகுக்கும் இரவு எட்டு மணிக்கு ஓடிய அலகுக்கும் அது ஒரே விலையையே எழுதுகின்றது. நாட்டின் நன்மைக்காகத் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சதமேனும் திரும்பக் கிடைப்பதில்லை. தியாகம் செய்யுமாறு கேட்பவர் அதன் பயனிலே ஒரு பங்கையும் தருவதே முறை.

கமக்காரரின் நிலை இன்னும் கடினமானது. யாழ்ப்பாணத்துத் தோட்டம் கிணற்றை நம்பியது. துலாவும் பட்டையும் போய், மண்ணெண்ணெய் இயந்திரம் வந்து இரண்டு மூன்று தலைமுறையாயிற்று. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சுபவன் தன் கணக்கை எப்படி ஈடுசெய்வான்? மின்மோட்டருக்கு மாறியோர் பலர். வீட்டு மானியிலிருந்தே வாழைக்கும் தென்னைக்கும் இறைப்போரும் பலர். பின்னவர்களுக்கு நாம் சொல்லுவது இது: 60ஆம் அலகின் படியை உங்களுக்கு எழுப்பித் தருவது பெரும்பாலும் அந்த வாழைத் தோட்டமே. நீரை வெளிநேரத்தில் பாய்ச்சாமல் விடியலிலே பாய்ச்சுவதும், அடியிலே சருகு பரப்பி ஈரத்தைக் காப்பதும், இயன்றோர் சொட்டுநீர்க் குழாய் போடுவதும் மோட்டர் ஓடும் நேரத்தையே குறைக்கும். மோட்டர் ஓடும் நேரம் குறைந்தால் கிணறும் தப்பும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரே நமது முழுச் சொத்து. அதை அளவுமீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். உவரேறிய கிணற்றுக்கு எந்த நீதிமன்றமும் பரிகாரம் தரமுடியாது.

நீதிமன்றம் என்றதும் சுன்னாகம் நினைவுக்கு வருகின்றது. போர்க்காலத்திலும் அதன்பின் சில ஆண்டுகளும் குடாநாட்டுக்கு வேண்டிய மின்சாரம் அங்கே எண்ணெயை எரித்தே பெறப்பட்டது. கிணறுகளிலே எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று மன்று கண்டு, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு அங்கே மின்சாரம் பிறப்பித்த கம்பனிக்குக் கட்டளையிட்டது. எண்ணெயால் எரியும் விளக்கின் விலை முழுவதும் மின்பட்டியலிலே எழுதப்படுவதில்லை என்பதை வலிகாமத்து மக்கள் தங்கள் வாளியிலே கண்டவர்கள். இன்று குடாநாடு தேசிய மின்வலையோடு இணைக்கப்பட்டுவிட்டது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு மின்சாரம் வழங்க 2024ஆம் ஆண்டு இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆயினும் முன்னிரவிலே நாம் வீணே எரிக்கும் ஒவ்வோர் அலகும் எங்கோ ஓரிடத்தில் எண்ணெயாக எரிகின்றது. அங்கேயும் யாரோ ஒருவருக்குக் கிணறு இருக்கின்றது.

நமது வாசகருள் உத்தியோகத்தரும் வைத்தியரும் நம்போன்ற சட்டத்தரணிகளும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல். கூலிக்காரப் பெண்ணுக்குச் சிக்கனம் கற்பிக்க நம்முள் எவருக்கும் யோக்கியதை இல்லை. குளிரூட்டிய ஓர் அறை ஓர் இரவில் விழுங்கும் மின்சாரம், அவளுடைய வீட்டின் மூன்று நாட் செலவுக்குச் சமம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுந்த பெரிய வீடுகளையும் நாம் காண்கின்றோம். உள்ளே ஒரு தாய் தனியே இருக்கிறாள். படலைக்கு இரண்டு விளக்கு விடியவிடிய எரிகிறது. ஒரு மீனும் இரண்டு தயிர்ச்சட்டியும் வைப்பதற்கு ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி. பிள்ளைகளின் அன்பை நாம் குறை கூறவில்லை. அடுத்தமுறை அவர்கள் வரும்போது பெட்டிக்குப் பதிலாக நல்ல மோட்டரும் சிக்கன விசிறியும் வாங்கித் தந்தால் தாய்க்கும் நலம் என்று மட்டும் சொல்லுகின்றோம். பழைய விசிறி 70 வாற் இழுக்கும் இடத்தில், இப்போது வரும் புதுவகை விசிறிகள் 30 வாற் அளவிலேயே அதே காற்றைத் தருகின்றன.

மானியும் குடும்பமும்

இனி வழக்குக்கு வருவோம். இந்தப் படிமுறைக் கட்டணத்தின் நோக்கம் நல்லது: ஏழைக்குக் குறைவாகவும் செல்வனுக்குக் கூடுதலாகவும் விதிப்பது. ஆனால் அது எண்ணுவது மானியை, மனிதரை அன்று. தனியே வாழும் செல்வர் ஒருவர் 55 அலகு பாவித்தால் அவர் சட்டத்தின் கண்ணில் ஏழை. இடம்பெயர்ந்து திரும்பி, ஒரே கூரையின் கீழ் ஒரே மானியில் வாழும் இரண்டு குடும்பங்கள் ஏழு பேராக 85 அலகு பாவித்தால் அவர்கள் சட்டத்தின் கண்ணிலே வசதியுள்ளோர். தலைக்கு 12 அலகு பாவிப்பவன் அதிக விலை கொடுக்கிறான். 55 அலகு பாவிப்பவன் சலுகை பெறுகிறான். வாடகை அறைகளிலே இருக்கும் மாணவரின் நிலையும் இதுவே: ஐந்து அறைக்கு ஒரு மானி, மேற்படியின் விலை ஐவர் தலையிலும் விழுகிறது. கூரையிலே சூரியப் படலம் பூட்ட முதலுள்ளவரோ இந்தப் படிகளையெல்லாம் கடந்து ஏணியை விட்டே இறங்கிவிடுகிறார்.

சிக்கனக் குறிப்புகள் எவ்வளவு பகிர்ந்தாலும் இந்த அநீதியை அவை தீர்க்கமாட்டா. எழுவர் வாழும் வீடு 60 அலகுக்குள் அடங்குவதாயின் பிள்ளைகளின் படிப்பைத்தான் அணைக்க வேண்டும். ஆகவேதான் சிக்கனத்தை மட்டும் உபதேசித்து நிறுத்துவோரோடு நாம் நிற்பதில்லை. கட்டணம் படியாக அன்றிச் சரிவாக ஏறவேண்டும். 61ஆம் அலகுக்கு 61ஆம் அலகின் விலையே வேண்டும், முன்னைய 60 அலகின் விலையையும் மாற்றலாகாது. ஒரே வளவில் வேறாக உலைவைக்கும் குடும்பத்துக்குக் குறைந்த செலவில் தனி மானி கிடைக்க வேண்டும். பகலிலே இறைக்கும் கமக்காரனுக்குப் பகல் விலை வேண்டும்.

இவற்றை எங்கே கேட்பது? மின்சார சபை 1969ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் பிறந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் அதைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தது. பெயர்ப்பலகை எதுவாயினும், கட்டணத்தைத் தீர்மானிப்பதற்கு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கின்றது. கட்டண யோசனை வரும்போதெல்லாம் அது மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் பெறுகிறது, அமர்வுகளிலும் கேட்கிறது. கேட்டு என்ன பயன் என்று சலித்துக்கொள்வோர் இதை அறிய வேண்டும்: மின்சார சபை கட்டணத்தை மாற்றாதிருக்கவே யோசனை கூறியது. மக்கள் கருத்தைக் கேட்டபின் ஆணைக்குழு 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் ஏற்றியது என்பதும் உண்மை. ஒக்ரோபரில் கேட்கப்பட்ட 6.8 சதவீத உயர்வை மறுத்தது என்பதும் உண்மை. வாசல் பூட்டப்படவில்லை. நமது ஊரவர் அந்த வாசலுக்குச் சென்று, "வாழமுடியவில்லை" என்று மட்டும் சொன்னால் குறிப்பெழுதுபவர் அதை எப்படி எழுதுவார்? "எமது வீதியில் இத்தனை வீடுகள், இத்தனை தலைகள், இத்தனை அலகுகள், இத்தனை வீடுகள் 60ஐ ஐந்து அலகுக்குள் தாண்டின, அந்த ஐந்து அலகுக்காக இவ்வளவு செலுத்தின" என்று சொன்னால் அது சாட்சியம். சாட்சியத்துக்கும் முறைப்பாட்டுக்கும் உள்ள வேற்றுமையை இருபது ஆண்டுகளாக நீதிமன்ற வாசல்களிலே கண்டு வருகின்றோம்.

இதை அந்தச் சனசமூக நிலையத்திலும் சொன்னோம். ஆசிரியர் உடனே எழுந்து, பத்திரிகை மேசையின் இழுப்பறையிலிருந்து நீள்கொப்பி ஒன்றை எடுத்துக் கோடுகள் கீறினார். வீட்டின் பெயர் வேண்டாம், இலக்கம் போதும் என்று முடிவாயிற்று. ஒரு நிரலில் வீட்டிலுள்ளோர் தொகை. அடுத்ததில் மூன்று மாத அலகுகள். அடுத்ததில் செலுத்திய தொகை. கடைசி நிரல் "என்ன செய்தீர்கள்" என்பதற்காக. புட்வால்வு மாற்றிய பெண் முதலாவதாக எழுதினாள். அன்று மாலைக்குள் பதினொரு வீடுகள் எழுதப்பட்டன. ஒருவருடைய அலகைப் பார்த்து மற்றவர், "உங்கட வீட்டிலும் நாலு பேர், எங்கட வீட்டிலும் நாலு பேர், அதென்னெண்டு உங்களுக்கு 52?" என்று கேட்க, பேச்சு மீண்டும் தொடங்கியது. கொப்பி அங்கே மேசையிலேயே இருக்கிறது. மற்ற ஊர்களின் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் இப்படியொன்றை வைக்குமாயின், அடுத்த கட்டண யோசனை வரும் நாளில் அவற்றைத் தொகுத்து ஒரே மனுவாக எழுதித் தருவதற்குக் கட்டணமின்றி நாம் ஆயத்தமாயிருக்கிறோம். நம்மோடு இன்னும் சில இளஞ் சட்டத்தரணிகளும் உளர்.

நாம் விடைபெற எழுந்தபோது கொப்பி நமது பக்கமும் நீட்டப்பட்டது. தப்ப வழியில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் கேட்டு எழுதினோம்: வீட்டிலுள்ளோர் மூவர், சென்ற மாத அலகு 94. 2025 ஜூன் கட்டணப்படி 90ஐத் தாண்டினால் நிலையான கட்டணம் 400 ரூபாவிலிருந்து 1,000 ரூபாவாயிற்று. நான்கு அலகுக்காக நாம் மேலதிகமாகச் செலுத்தியது 696 ரூபா. கடைசி நிரலிலே எழுத நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆச்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து எட்டிப் பார்த்தார்.

"நாலு கூடிப்போச்சு, தம்பி. மோட்டரைப் பாத்தனீங்களே?"